செப்டம்பர் கடைசி நாள்: பேஸ்பால் பிளேஆஃப் கணக்கை எப்படிப் படிக்கிறது?

அமெரிக்காவோட மேஜர் லீக் பேஸ்பால்ல ஒரு சீசனுக்கு ஒவ்வொரு டீமும் 162 மேட்ச் ஆடும், மார்ச் கடைசில ஆரம்பிச்சா செப்டம்பர் கடைசி வரைக்கும் கிட்டத்தட்ட தினமும் மேட்ச்தான், அதனால புதுசா பாக்க வர்றவங்க எல்லாரும் முதல்ல கேக்கறது "இத்தனை மேட்ச்ல ஒண்ணு தோத்தா என்ன குறைஞ்சிடப் போகுது"ன்னுதான். மே மாசத்துல அது நியாயமான கேள்வி. செப்டம்பர் கடைசி வாரத்துல அந்தக் கேள்விக்கு இடமே இல்ல. ஒரே ராத்திரில நாலு ஊர்ல நாலு மேட்ச் நடக்கும், ஒரு ஊர்ல விழற ரன் இன்னொரு ஊர்ல ஒரு டீமோட சீசனையே முடிச்சு வைக்கும். அப்படி ஒரு நாள் விடியும்போது "இன்னைக்கு யாருக்கு என்ன வேணும், எந்த மேட்சைப் பாக்கணும்"னு நாமளே கணக்குப் போட்டுப் பாக்கறது எப்படின்னுதான் இங்க சொல்லப் போறேன். ரூல்ஸ் ஒண்ணும் தெரியாதவங்களுக்கும் புரியும், கூட்டல் கழித்தல் தெரிஞ்சா போதும்.

முதல்ல அமைப்பு. மேஜர் லீக்ல மொத்தம் 30 டீம், பாதி அமெரிக்கன் லீக், பாதி நேஷனல் லீக். ஒவ்வொரு லீக்லயும் ஈஸ்ட், சென்ட்ரல், வெஸ்ட்னு மூணு டிவிஷன், டிவிஷனுக்கு அஞ்சு டீம். டிவிஷன்ல முதலிடம் பிடிக்கறவங்க நேரா பிளேஆஃப் போயிடுவாங்க. முதலிடம் கிடைக்காதவங்கள்ல யார் அதிகம் ஜெயிச்சிருக்காங்கன்னு பாத்து கொடுக்கற இடத்துக்குப் பேரு வைல்டு கார்டு. இப்போ லீக்குக்கு மூணு வைல்டு கார்டு, ஆக லீக்குக்கு ஆறு டீம், மொத்தம் 12. சீசன் கடைசில நடக்கற சண்டை பெரும்பாலும் இந்த வைல்டு கார்டுக்குத்தான்.

பாயின்ட்ஸ்னு எதுவும் கிடையாது. எத்தனை ஜெயிச்சோம், எத்தனை தோத்தோம், அவ்வளவுதான், 90-71னு போட்டிருந்தா 90 வெற்றி 71 தோல்வி. ஒரு இன்னிங்ஸ்னா ரெண்டு டீமும் ஆளுக்கு ஒரு தடவை பேட் பண்றது, ஸ்கோர் சமமா இருந்தா ஒன்பது இன்னிங்ஸோட நிக்காது, யாராவது ஜெயிக்கற வரைக்கும் இன்னிங்ஸ் போய்க்கிட்டே இருக்கும். ஐபிஎல்ல 14 மேட்ச் முடிஞ்ச பிறகு நெட் ரன் ரேட்டைப் பாத்து நாலாவது இடத்தை முடிவு பண்ணுவாங்களே, அந்தப் பதட்டம் இங்கயும் உண்டு, ஆனா எத்தனை ரன் வித்தியாசத்துல ஜெயிச்சோம்ங்கறது இங்க கணக்குலயே வராது, 1-0ன்னாலும் 15-0ன்னாலும் ஒரே ஒரு வெற்றிதான்.

டேபிளைப் பாக்கும்போது ஒரு காலம்ல 1.5, 3, 4.5னு நம்பர் இருக்கும். முதல்ல இருக்கற டீமுக்கு இவங்க எத்தனை மேட்ச் பின்னாடி இருக்காங்கங்கறதுதான் அது. ரெண்டு டீமோட வெற்றி வித்தியாசத்தையும் தோல்வி வித்தியாசத்தையும் கூட்டி ரெண்டால வகுத்தா வந்துடும். ஒரு டீம் 90-71, இன்னொண்ணு 88-72ன்னா வெற்றில ரெண்டு வித்தியாசம், தோல்வில ஒண்ணு, கூட்டினா மூணு, பாதி ஒன்றரை. இதுல அரை எப்படி வருதுன்னு பல பேருக்கு குழப்பம் இருக்கும், ரெண்டு டீமும் அதுவரைக்கும் ஆடின மேட்ச் எண்ணிக்கைல ஒண்ணு, மூணுன்னு ஒத்தைப்படை வித்தியாசம் இருந்தா அரை வரும், வேற மர்மம் ஒண்ணும் இல்ல.

அடுத்தது மேஜிக் நம்பர். செப்டம்பர் வந்துட்டா கமென்டரில இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லுவாங்க. முதல்ல இருக்கற டீமோட வெற்றியையும் துரத்தற டீமோட தோல்வியையும் கூட்டி 163லேருந்து கழிச்சா மேஜிக் நம்பர். முதல் டீம் 90 ஜெயிச்சிருக்கு, துரத்தற டீம் 68 தோத்திருக்குன்னு வச்சுக்கோங்க, 158, அப்போ மேஜிக் நம்பர் 5. முதல் டீம் ஒண்ணு ஜெயிச்சாலும் ஒண்ணு குறையும், துரத்தறவங்க ஒண்ணு தோத்தாலும் ஒண்ணு குறையும், ரெண்டும் ஒரே நாள்ல நடந்தா ரெண்டு குறையும், பூஜ்யம் ஆச்சுன்னா இடம் உறுதி. ஏன் 163? ஆடறது 162, சமமா வந்து நிக்காம ஒரு படி தாண்டணும், அதுக்காக ஒண்ணு கூட. சமமா வந்தாலும் நமக்குத்தான் இடம்ங்கற நிலைமையில இருந்தா அந்த ஒண்ணு தேவையில்ல, 162லேருந்தே கழிக்கலாம். அது எப்போங்கறதை கீழ சொல்றேன்.

கணக்கு இவ்வளவுதான். இதை வச்சு ஒரு நாளைப் படிச்சுப் பாக்கலாம், அதுக்கு 2011 செப்டம்பர் 28, புதன்கிழமையை விட நல்ல நாள் எனக்குத் தெரிஞ்சு கிடையாது. சீசனோட கடைசி நாள். அப்போ ரூல் கொஞ்சம் வேற, லீக்குக்கு ஒரே ஒரு வைல்டு கார்டுதான். அன்னைக்குக் காலைல அமெரிக்கன் லீக்ல பாஸ்டன் ரெட் சாக்ஸ் 90-71, டாம்பா பே ரேஸ் 90-71. நேஷனல் லீக்ல அட்லாண்டா பிரேவ்ஸ் 89-72, செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் 89-72. ரெண்டு லீக்லயும் ஒரே ஒரு இடம், அதுக்கு ரெண்டு டீம், ரெண்டு ஜோடியும் அப்படியே சமம், கையில இருக்கறது ஒரே ஒரு மேட்ச்.

இந்த நிலைமைக்கு வந்ததே ஒரு பெரிய கதை. செப்டம்பர் ஆரம்பத்துல ரெட் சாக்ஸ் ரேஸை விட ஒன்பது மேட்ச் முன்னாடி இருந்தாங்க, பிரேவ்ஸ் கார்டினல்ஸை விட எட்டரை மேட்ச் முன்னாடி. ஒரு மாசத்துல அந்த அளவு லீட் கரையாதுன்னுதான் யாரும் நினைப்பாங்க. ஆனா ரெட் சாக்ஸ் அந்த மாசம் முழுக்க 7 ஜெயிச்சு 20 தோத்தாங்க. லீட் எவ்வளவு இருக்குங்கறதோட மிச்சம் எத்தனை மேட்ச் இருக்குங்கறதையும் சேத்துத்தான் பாக்கணும், 27 மேட்ச் மிச்சம் இருக்கும்போது ஒன்பதுங்கறது பத்திரமான தூரம் மாதிரி தெரியும், தினமும் ஆடற விளையாட்டுல அது மூணு மோசமான வாரம்தான்.

சரி, அன்னைக்குக் காலைல டேபிளைப் பாத்தாச்சு. ஒவ்வொரு ஜோடிக்கும் என்னென்ன நடக்கலாம்? நாலே வழிதான். ரெண்டு பேரும் ஜெயிச்சா மறுபடி சமம், ரெண்டு பேரும் தோத்தாலும் சமம், அப்போ இருந்த ரூல்படி மறுநாள் 163வது மேட்ச்னு ஒண்ணு ஆடி முடிவு பண்ணணும். ஒருத்தர் ஜெயிச்சு ஒருத்தர் தோத்தா அங்கயே முடிஞ்சுது. நாலுல ரெண்டு வழில எக்ஸ்ட்ரா மேட்ச், ரெண்டு வழில அன்னைக்கு ராத்திரியே ஒருத்தர் வீட்டுக்கு.

இதுக்கப்புறம் பாக்க வேண்டியதைத்தான் புதுசா வர்றவங்க விட்டுடறாங்க, என்னைக் கேட்டா டேபிளை விட இதுக்குத்தான் அதிக நேரம் கொடுக்கணும். எதிர்ல யார் ஆடறாங்க? அவங்களுக்கு அந்த மேட்ச்ல என்ன இருக்கு? அன்னைக்கு ரெட் சாக்ஸுக்கு எதிர்ல பால்டிமோர் ஓரியோல்ஸ், டிவிஷன்ல கடைசி இடம். கார்டினல்ஸுக்கு எதிர்ல ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ், அப்போ அவங்க நேஷனல் லீக்ல இருந்தாங்க, அந்த சீசன்ல 106 தோல்வி. ரேஸுக்கு எதிர்ல நியூயார்க் யாங்கீஸ், பிரேவ்ஸுக்கு எதிர்ல ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸ், இவங்க ரெண்டு பேரும் டிவிஷனை முன்னாடியே ஜெயிச்சு பிளேஆஃப்ல இடத்தை உறுதி பண்ணிட்டவங்க. கவனிச்சுப் பாருங்க, நாலு எதிரணில ஒருத்தருக்குக் கூட அன்னைக்கு ஜெயிச்சாலும் தோத்தாலும் சொந்தமா மாறப் போறது எதுவும் இல்ல. ஆனா நாலு டீமோட தலையெழுத்து இவங்க கையிலதான். வெளியேறிட்ட ஒரு டீம் இப்படி இன்னொருத்தரோட வாய்ப்பைக் கெடுத்து விட்டா அதுக்கு ஸ்பாய்லர்னு பேரு. இவங்களை லேசா எடுத்துக்கவே கூடாது. இழக்க ஒண்ணுமில்லாத டீமுக்கு பயம் கிடையாது, அடுத்த வருஷம் டீம்ல இடம் வேணும்னு நினைக்கற இளம் ஆட்டக்காரங்க உயிரைக் கொடுத்து ஆடுவாங்க.

இடம் உறுதியான டீம் எப்படி ஆடும்ங்கறது வேற மாதிரி. அவங்க நல்ல பிட்ச்சர்களை, அதாவது பந்து வீசறவங்களை, பிளேஆஃப்புக்காக ஒதுக்கி வைப்பாங்க. அன்னைக்கு யாங்கீஸ் மேட்ச்சை ஆரம்பிக்க அனுப்பினது டெல்லின் பெட்டான்சஸ், மேஜர் லீக்ல அவருக்கு அதுதான் முதல் ஸ்டார்ட். கடைசி இன்னிங்ஸைக் காப்பாத்தறதுல பேர் போன மரியானோ ரிவேரா அன்னைக்குப் பந்தே வீசல. அந்தக் காலத்துல செப்டம்பர்ல டீம்ல 40 பேர் வரைக்கும் வச்சுக்கலாம், அதனால வரிசையா ஆளை மாத்தி மாத்தி இறக்க முடிஞ்சுது, 2020லேருந்து 28 பேர்தான்.

பிட்ச்சர் விஷயத்துல இன்னும் கொஞ்சம் நிக்கணும். ஆரம்ப பிட்ச்சர் ஒருத்தர் ஒரு தடவை வீசினா வழக்கமா நடுவுல நாலு நாள் ஓய்வு, அஞ்சாவது நாள் மறுபடி வருவார். அதனால கடைசி நாள்ல யாரோட முறை வருதுங்கறதே பெரிய விஷயம். ரெட் சாக்ஸ் ஜான் லெஸ்டரை மூணு நாள் ஓய்வுலயே கூட்டிட்டு வந்தாங்க, அதுலயே அவங்க நிலைமை புரிஞ்சிடும். கார்டினல்ஸ் தங்களோட முக்கியமான ஆள் கிறிஸ் கார்பென்டரை இறக்கினாங்க. ரேஸுக்கு டேவிட் பிரைஸ், பிரேவ்ஸுக்கு டிம் ஹட்சன். பேப்பர்ல பாத்தா வெற்றி வேணும்ங்கற நாலு டீமும் நல்ல ஆளைத்தான் இறக்கியிருந்தாங்க. காலைல பிரிவ்யூ எழுதியிருந்தா "நாலு பேரும் ஜெயிப்பாங்க, நாளைக்கு ரெண்டு எக்ஸ்ட்ரா மேட்ச்"னு எழுதறதுதான் நியாயமா இருந்திருக்கும்.

நடந்தது என்ன? கணக்குப்படி போன மேட்ச் ஒண்ணே ஒண்ணுதான், கார்பென்டர் ஹூஸ்டன்ல ரெண்டே ரெண்டு ஹிட் (அடிச்சவர் அவுட் ஆகாம பேஸுக்கு, அதாவது ஓடி நிக்கற இடத்துக்கு, போய்ச் சேர்ற அடி) கொடுத்து ஒன்பது இன்னிங்ஸும் தானே வீசி முடிச்சார், 8-0. கார்டினல்ஸ் அதுக்கப்புறம் அட்லாண்டால என்ன ஆகுதுன்னு பாத்துக்கிட்டு காத்திருந்தாங்க. அட்லாண்டால பிரேவ்ஸ் ஒன்பதாவது இன்னிங்ஸ் வரைக்கும் 3-2 முன்னாடி. அந்தக் கடைசி இன்னிங்ஸை மூடி வைக்கன்னே தனியா ஒரு பிட்ச்சர் இருப்பார், குளோசர்னு சொல்லுவாங்க, பிரேவ்ஸோட குளோசர் கிரெய்க் கிம்ப்ரெல் அந்த சீசன் முழுக்க அசத்தின புதுமுகம், அன்னைக்கு அவரால மூட முடியல, ஸ்கோர் சமம் ஆச்சு. 13வது இன்னிங்ஸ்ல ஹன்டர் பென்ஸ் அடிச்ச அடில ஃபில்லீஸ் 4-3னு ஜெயிச்சாங்க. பிரேவ்ஸ் வெளிய, கார்டினல்ஸ் உள்ள.

அமெரிக்கன் லீக்ல நடந்ததுதான் இன்னும் நம்ப முடியாதது. பால்டிமோர்ல ரெட் சாக்ஸ் 3-2 முன்னாடி இருக்கும்போது ஏழாவது இன்னிங்ஸ்ல மழை வந்து ஒரு மணி நேரத்துக்கு மேல மேட்ச் நின்னு போச்சு. அந்த நேரத்துல டாம்பா பேல யாங்கீஸ் 7-0 முன்னாடி. மழைக்கு ஒதுங்கி நின்ன ரெட் சாக்ஸ் ஆளுங்களுக்கு அந்த ஸ்கோர் தெரியும், ஏழு ரன்னை எல்லாம் யார் எடுக்கப் போறாங்க, ரேஸ் கதை முடிஞ்சுதுன்னுதான் யாருக்கும் தோணும். ரேஸ் எட்டாவது இன்னிங்ஸ்ல ஆறு ரன் எடுத்தாங்க, அதுல மூணு எவான் லாங்கோரியா அடிச்ச ஹோம் ரன்ல (சிக்ஸர் மாதிரி சுவரைத் தாண்டற அடி) வந்தது. ஒன்பதாவது இன்னிங்ஸ்ல ரெண்டு பேர் அவுட், ரெண்டு ஸ்ட்ரைக் (அடிக்கத் தவறின பந்து, மூணு ஆனா அவுட், மூணு பேர் அவுட்னா இன்னிங்ஸ் முடிஞ்சுது), இன்னொரு ஸ்ட்ரைக் விழுந்தா மேட்ச் தோல்வி, அப்போ பதில் ஆளா வந்த டான் ஜான்சன், அந்த வருஷம் ஆவரேஜ் .108தான், அதாவது பத்து தடவைக்கு ஒரு தடவைதான் ஹிட், அவர் ஹோம் ரன் அடிச்சு 7-7 ஆக்கினார்.

பால்டிமோர்ல மழை விட்டு மேட்ச் தொடர்ந்தது. ஒன்பதாவது இன்னிங்ஸ், ரெட் சாக்ஸ் குளோசர் ஜொனாதன் பாபல்பான், ரெண்டு பேர் அவுட், பேஸ்ல ஒருத்தரும் இல்ல. கிறிஸ் டேவிஸ் டபுள் (ரெண்டாவது பேஸ் வரைக்கும் போக வைக்கற அடி) அடிச்சார், நோலன் ரீமோல்ட் டபுள் அடிச்சு ஸ்கோரை சமமாக்கினார், ராபர்ட் ஆன்டினோ லெஃப்ட் ஃபீல்டுக்குத் தட்டின பந்தை கார்ல் கிராஃபர்ட் ஓடி வந்து சறுக்கியும் பிடிக்க முடியல, ஓரியோல்ஸ் 4-3. மணி ராத்திரி 12:02. மூணே நிமிஷம் கழிச்சு 12:05க்கு டாம்பா பேல 12வது இன்னிங்ஸ்ல லாங்கோரியா அடிச்ச பந்து லெஃப்ட் ஃபீல்டு ஓரத்துல சுவரைத் தாண்டிப் போச்சு, 8-7. நம்ம ஊர் நேரத்துக்கு அப்போ வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணி. ரேஸ் உள்ள, ரெட் சாக்ஸ் வெளிய. கடைசி இடத்துல இருந்த ஓரியோல்ஸும் இடம் உறுதியான ஃபில்லீஸும் அன்னைக்கு ஜெயிக்கணும்னே அவசியம் இல்ல, ஆனா ஜெயிச்சாங்க, ரெண்டு டீமோட சீசன் முடிஞ்சுது.

ஃபில்லீஸ் கதையை இன்னும் கொஞ்சம் தொடர்ந்து பாக்கணும். அவங்க ஜெயிச்சதால உள்ள வந்தது கார்டினல்ஸ். அடுத்த ரவுண்டுல ஃபில்லீஸுக்கு எதிரா வந்ததும் அதே கார்டினல்ஸ். அஞ்சு மேட்ச் தொடர் 2-2 ஆகி, அஞ்சாவது மேட்ச்ல கார்பென்டர் மறுபடி ஒரு ரன் கூட கொடுக்காம முழுசா வீசி, ராய் ஹாலடே மாதிரி ஒரு பிட்ச்சரை எதிர்த்து 1-0னு ஜெயிச்சு ஃபில்லீஸை வீட்டுக்கு அனுப்பினார். கார்டினல்ஸ் அந்த வருஷம் இறுதித் தொடரான உலக சீரிஸையே டெக்சாஸ் ரேஞ்சர்ஸ்கிட்டேருந்து ஜெயிச்சாங்க. ஃபில்லீஸ் அன்னைக்கு விட்டுக் கொடுத்திருக்கணுமான்னு கேட்டா, கூடவே கூடாதுன்னுதான் சொல்லுவேன். தனக்கு எதுவும் மாறாத மேட்ச்சையும் ஒழுங்கா ஆடினாத்தான் இந்த 162 மேட்ச் கணக்குக்கே ஒரு அர்த்தம் இருக்கு, இல்லன்னா எதிரணி யாருங்கற அதிர்ஷ்டம்தான் மிஞ்சும்.

இப்போ ரூல் மாறியிருக்கு, அதைத் தெரிஞ்சுக்காம இன்னைய டேபிளைப் பாத்தா தப்பாப் புரியும். 2012ல ரெண்டாவது வைல்டு கார்டு வந்துச்சு, 2022லேருந்து மூணு. அதே 2022ல 163வது மேட்சையும் எடுத்துட்டாங்க. சமமா வந்தா இனிமே ஆடித் தீர்க்கறது கிடையாது, டைபிரேக்கர்தான். முதல்ல அந்த சீசன்ல அந்த ரெண்டு டீமும் நேருக்கு நேர் ஆடினதுல யார் அதிகம் ஜெயிச்சாங்கன்னு பாப்பாங்க, அதுவும் சமம்னா தன்னோட டிவிஷனுக்குள்ள யாரோட ரெகார்டு நல்லா இருக்குன்னு பாப்பாங்க. மேல மேஜிக் நம்பருக்கு 162னு சொன்னது இதுக்குத்தான், டைபிரேக்கர் கையில இருக்கற டீமுக்கு ஒரு மேட்ச் சும்மாவே கூட இருக்கற மாதிரி. எனக்கு அந்த 163வது மேட்ச் போனதுல வருத்தம்தான், 1978ல யாங்கீஸ் ரெட் சாக்ஸ் ஆடினது, 2007ல ராக்கீஸ் பாட்ரேஸ் 13 இன்னிங்ஸ் போனது, இதெல்லாம் இன்னைக்கும் பேசப்படற மேட்ச். ஆனா இந்த ரூலால ஒரு நன்மையும் உண்டு, மே மாசத்துல நடந்த ஒரு சாதாரண மேட்ச் செப்டம்பர்ல வந்து கணக்குக் கேக்கும்.

2025ல அப்படித்தான் ஆச்சு. நியூயார்க் மெட்ஸும் சின்சினாட்டி ரெட்ஸும் கடைசி வைல்டு கார்டுக்கு சமமா நின்னாங்க, நேருக்கு நேர் ஆடினதுல ரெட்ஸ் 4-2. கடைசி நாள் ரெட்ஸ் மில்வாக்கி ப்ரூவர்ஸ்கிட்ட தோத்துட்டாங்க, அதாவது மெட்ஸுக்குக் கதவு திறந்தே இருந்துச்சு, ஜெயிச்சா போதும், எதிர்ல ஏற்கனவே வெளியேறிட்ட மயாமி மார்லின்ஸ். மார்லின்ஸ் 4-0னு ஜெயிச்சாங்க. ரெண்டு டீமும் 83-79, ரெட்ஸ் உள்ள. இதே மார்லின்ஸ்தான் 2007லயும் 2008லயும் சீசன் கடைசி நாள்ல மெட்ஸைத் தோக்கடிச்சு வீட்டுக்கு அனுப்பினாங்க, அப்போ அவங்க பேரு ஃப்ளோரிடா மார்லின்ஸ்.

டைபிரேக்கர் இன்னும் சிக்கலா போன நாள் 2024 செப்டம்பர் 30. ஹெலீன் புயலால மெட்ஸ் பிரேவ்ஸ் மேட்ச் ரெண்டு தள்ளிப் போய், மத்த எல்லாரும் சீசனை முடிச்ச பிறகு திங்கட்கிழமை ஒரே நாள்ல ரெண்டையும் அட்லாண்டால ஆடினாங்க. ரெண்டு டீமும் 88-72. அரிசோனா டயமண்ட்பேக்ஸ் 89-73னு முடிச்சுட்டு டிவி முன்னாடி. மெட்ஸ், பிரேவ்ஸ் ரெண்டு பேர்கிட்டயும் அரிசோனாவுக்கு எதிரான டைபிரேக்கர் இருந்துச்சு, அதனால ஆளுக்கு ஒண்ணு ஜெயிச்சா மூணு டீமும் 89-73, அரிசோனா மட்டும் வெளிய. யாராவது ஒருத்தர் ரெண்டையும் ஜெயிக்கணும்னு அரிசோனா வேண்டிக்கிட்டது. முதல் மேட்ச் ஒன்பதாவது இன்னிங்ஸ்ல ஃபிரான்சிஸ்கோ லிண்டோர் அடிச்ச ஹோம் ரன்ல மெட்ஸ் 8-7னு ஜெயிச்சு உள்ள போயாச்சு. ரெண்டாவது மேட்ச்ல பிரேவ்ஸ் 3-0. ஒரு மேட்ச் முடிஞ்ச நிமிஷமே மெட்ஸ் எதுவும் தேவையில்லாத டீமா மாறிட்டாங்க, அரிசோனாவோட கடைசி நம்பிக்கை அந்தத் தேவையில்லாத டீம் மேல நின்னுச்சு.

அடுத்த செப்டம்பர்ல நீங்களே முயற்சி பண்ணிப் பாருங்க. 2015லேருந்து கடைசி நாள் மேட்ச் எல்லாத்தையும் கிட்டத்தட்ட ஒரே நேரத்துல ஆரம்பிக்கறாங்க, பக்கத்து மேட்ச் ரிசல்ட் தெரிஞ்சுக்கிட்டு யாரும் ஆட முடியாதபடி. அமெரிக்க கிழக்குக் கரைல ஞாயிறு மதியம் 3 மணி, இந்தியாவுல அப்போ நள்ளிரவு 12:30. அன்னைக்கு சாயங்காலமே டேபிளைத் திறந்து யாருக்கு எத்தனை தேவைன்னு எழுதுங்க, டைபிரேக்கர் யார்கிட்டன்னு பக்கத்துலயே குறிச்சுக்கோங்க, அப்புறம் ஆரம்ப பிட்ச்சர் யாருன்னு பாருங்க. ஸ்க்ரீன் ஒண்ணுதான் இருக்குன்னா, ஜெயிச்சே ஆகணும்ங்கற ஒரு டீம் ஏற்கனவே வெளியேறின டீமோட மோதற மேட்ச் எங்க இருக்கோ அதை வைங்க. மத்ததெல்லாம் ஸ்கோர் பாத்தா போதும்.